நேர் கீழே என்பது எந்தப் பக்கம்?

பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். ஊரின் வடமேற்கில் இந்திய அறிவியல் கழகம் இருக்கும் இடம் இன்னும் கொஞ்சம் மேடு. 930 மீட்டர் வரும். அந்த வளாகத்துக்குள் உலகளாவிய ஜிபிஎஸ் வலைப்பின்னலைச் சேர்ந்த நிலையம் ஒன்று பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளை இரவும் பகலும் வாங்கித் தன் இருப்பிடத்தை மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்து வைத்திருக்கும் நிலையம். அதன் உயரமாகப் பதிவாகியிருக்கும் எண் 844 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

930 எங்கே, 844 எங்கே? இடையில் 86 மீட்டர் காணவில்லை. இரண்டு அளவிலும் பிழையில்லை என்பதுதான் விஷயம். உயரம் என்றால் எங்கிருந்து உயரம், கீழே என்றால் எந்தப் பக்கம் கீழே என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கறாராக அளந்து பார்த்தது 1774-இல், ஸ்காட்லாந்தில், ஒரு மலைச்சரிவில். அங்கிருந்து அது இந்தியாவுக்கு வந்தது, பெங்களூரில் வேரூன்றியது. இன்றும் இந்த ஊரிலேயே அதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

1774 ஸ்காட்லாந்துக்கு ஒரு பொற்காலத்தின் நடுப்பகுதி. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் எடின்பரோவில் வாழ்ந்துகொண்டிருந்தார். ஆடம் ஸ்மித் தன் பொருளாதார நூலை எழுதி முடிக்கும் நிலையில் இருந்தார். ஜோசப் பிளாக் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். அவர் நண்பர் ஜேம்ஸ் ஹட்டன் பாறைகளைப் பார்த்தபடி ஊர் ஊராக நடந்து, பூமியின் வயது பைபிள் கணக்கில் அடங்காது என்ற முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில் லண்டனிலிருந்து ஒரு வானியலாளர் பெர்த்ஷயர் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தார். பெயர் நெவில் மாஸ்கலின். கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர், அரசு வானியலாளர். அவர் தேடி வந்தது ஷீஹாலியன் என்ற மலையை.

உயரத்தில் ஷீஹாலியன் பெரிய மலை அல்ல. 1,083 மீட்டர்தான், நம் ஏற்காட்டைவிடத் தாழ்வு. ஆனால் அக்கம்பக்கத்து மலைகளோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கிலும் தெற்கிலும் செங்குத்தாக இறங்குகிறது. வடிவமும் ஒழுங்கானது. இப்படி ஒரு மலைதான் வேண்டும் என்று ராயல் சொசைட்டி முந்தைய ஆண்டே ஆள் அனுப்பித் தேடிக் கண்டுபிடித்திருந்தது. 1769-இல் வெள்ளி சூரியனைக் கடந்ததை ஆராய மன்னர் கொடுத்த பணத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில்தான் இந்தப் பயணம்.

விஷயம் இதுதான். பொருள் ஒவ்வொன்றும் மற்றொன்றை ஈர்க்கிறது என்று நியூட்டன் சொல்லிவிட்டார். அப்படியானால் மலையும் ஈர்க்க வேண்டும். மலைக்குப் பக்கத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், அது பூமியின் நடுவை நோக்கி மட்டும் தொங்காது. மலைப் பக்கம் இம்மி சாய வேண்டும். அந்தச் சாய்வு எவ்வளவு என்று தெரிந்தால் மலையின் இழுப்பையும் பூமியின் இழுப்பையும் ஒப்பிடலாம். மலையின் எடையை அதன் பாறையையும் கனஅளவையும் வைத்துக் கணக்கிட முடியும். அதிலிருந்து பூமியின் எடையே கிடைத்துவிடும். நியூட்டன் இதை யோசித்துப் பார்த்து, சாய்வு மிகச் சிறியது, அளக்க முடியாது என்று கருதினார். 1738-இல் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமெரிக்காவின் சிம்பராசோ மலையில் முயன்றார். ஏதோ சாய்கிறது என்று தெரிந்ததே தவிர, கடுங்குளிரிலும் காற்றிலும் நம்பகமான எண் கிடைக்கவில்லை.

சாய்வை எதை வைத்து அளப்பது? தூக்குநூலே சாய்ந்தால், சாய்வைக் காட்ட இன்னொரு நேர்கோடு வேண்டும். பூமியில் அப்படி ஒன்று கிடையாது, வானத்தில் உண்டு. நட்சத்திரங்கள் ஷீஹாலியனைக் கண்டுகொள்வதில்லை. மாஸ்கலின் மலையின் தெற்குச் சரிவில் ஒரு கூடாரம் போட்டு, தலைக்கு மேல் கடந்து போகும் நட்சத்திரம் ஒவ்வொன்றும் தூக்குநூலிலிருந்து எத்தனை கோணம் விலகியிருக்கிறது என்று குறித்தார். பிறகு கருவிகளை வடக்குச் சரிவுக்குக் கொண்டுபோய் அதையே திரும்பச் செய்தார். மழை, மூடுபனி, மேகம் என்று இரவுக்கு இரவு தடை வந்தாலும் முந்நூறுக்கு மேற்பட்ட அவதானிப்புகளைச் சேர்த்தார். நான்கு மாதம் மலையைவிட்டு இறங்கவில்லை. லண்டனில் சொகுசாக வேலை பார்த்திருக்கக்கூடிய மனிதர் என்பதை நினைத்தால் அவர்மேல் மரியாதை கூடுகிறது.

கோணத்தின் அளவைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஒரு டிகிரியில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. நட்சத்திரங்களின்படி இரண்டு கூடாரங்களுக்கும் இடையிலான அட்சரேகை வித்தியாசம் 54.6 விகலை. நிலத்தைச் சங்கிலியாலும் கோணமானியாலும் அளந்து கணக்கிட்டால் அது 42.9 விகலைதான். மிச்சம் ஏறத்தாழ 11.6 விகலை. அதுதான் மலை இரண்டு பக்கமும் சேர்த்து இழுத்த இழுப்பு. ஒரு பக்கத்துக்கு 6 விகலைகூட இல்லை. மாஸ்கலினின் கருவியில் பத்தடி நீளத்துக்குத் தொங்கிய நூல், நேராக இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு தலைமுடியின் தடிமன் அளவு விலகியது. அந்த விலகலைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடு.

மலையின் கனஅளவைக் கணக்கிடும் வேலை சார்லஸ் ஹட்டன் என்ற கணித ஆசிரியருக்குப் போனது. (பாறை ஹட்டன் வேறு, இந்த ஹட்டன் வேறு.) மலை முழுவதும் எடுத்த ஆயிரக்கணக்கான உயரப் புள்ளிகள் வரைபடத்தில் சிதறிக் கிடந்தன. ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் மலையின் உருவம் பளிச்சென்று தெரிகிறது என்று அவர் கண்டார். இன்று நாம் வரைபடங்களில் பார்க்கும் சமஉயரக் கோடுகள் புழக்கத்துக்கு வர இந்த வேலை பெரிய காரணம். 1778-இல் விடை வந்தது: பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல் நாலரை மடங்கு. இன்று நமக்குத் தெரிந்த எண் ஐந்தரை. வித்தியாசம் இருந்தாலும் அதற்குள் இருந்த செய்தி உலுக்கக்கூடியது. மேலே நாம் மிதிக்கும் பாறையின் அடர்த்தி இரண்டரையிலிருந்து இரண்டே முக்கால்தான். மொத்தத்தில் நாலரை வர வேண்டுமானால் உள்ளே மிகக் கனமான ஏதோ இருந்தாக வேண்டும். பூமி உள்ளீடற்ற கோளமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் எழுதிய காலம் அது. ஹட்டனோ உள்ளே இருப்பது உலோகமாக இருக்கலாம் என்றே ஊகித்தார்.

ஷீஹாலியனில் நிலத்தை அளந்தவர்களில் ஒருவர் ரூபன் பர்ரோ, மாஸ்கலினின் உதவியாளர். சில ஆண்டுகளில் அவர் கப்பலேறி வங்காளத்துக்கு வந்தார். கல்கத்தாவில் சமஸ்கிருதம் கற்று, ஈருறுப்புத் தேற்றம் இந்தியர்களுக்கு முன்பே தெரியும் என்று 1790-இல் கட்டுரை எழுதினார். பிறகு கடகரேகைக்கு அருகில் ஒரு டிகிரி நிலத்தின் நீளத்தை அளக்க இறங்கினார். 1792-இல் பக்சரில் காலமானார். அவர் இன்னும் பத்தாண்டு இருந்திருந்தால் இந்திய நில அளவையின் வரலாறு அவரைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த இடத்துக்கு வந்தவர் வில்லியம் லாம்டன். யார்க்ஷயரின் எளிய குடும்பத்தில் பிறந்து, கணிதத்தைப் பெரும்பாலும் தானே படித்துத் தேறிய ராணுவ அதிகாரி. 1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் ஒரு நள்ளிரவு, ஜெனரல் டேவிட் பேர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தலைமையில் போன படை தெற்கே திரும்புவதாக நினைத்து வடக்கே, திப்புவின் முகாமை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து அதைச் சொன்னவர் லாம்டன். முதலில் நம்பாத பேர்ட், திசைகாட்டியைப் பார்த்தபின் படையைத் திருப்பினார்.

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து மலபார் கரை வரை தீபகற்பத்தைக் குறுக்கே அளக்க வேண்டும்; அத்தோடு பூமியின் வடிவத்தையும் அளந்துவிட வேண்டும். 1800-இன் தொடக்கத்தில் ஒப்புதல் கிடைத்தது. அக்டோபர் நடுவில் பெங்களூருக்கு வெளியே வெட்டவெளியில் முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோட்டை, அளக்க ஆரம்பித்தார். டிசம்பர் 10 வரை அந்த வேலை நடந்தது. நீளம் 7.43 மைல்.

அந்த ஆண்டு பெங்களூருக்கு வந்த இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். பிரான்சிஸ் புக்கானன், ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கனரா, மலபார் நாடுகளைச் சுற்றி, மண், பயிர், தறி, சந்தை, உலைக்களம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் விசாரித்து எழுதினார். லால்பாகில் திப்புவின் தோட்டத்துக்கு மாடு பூட்டிக் கபிலையால் நீர் இறைத்ததும், உருக்கு காய்ச்சும் மண்குப்பிக்குள் இரும்போடு ஆவாரைக் குச்சியை வைத்ததும் அவர் எழுதியதால் நமக்குத் தெரிகிறது. ஸ்டோர்னவே ஊர்க்காரரான காலின் மெக்கன்சியும் அப்போதுதான் மைசூர் நாட்டின் நிலப்பட வேலையைத் தொடங்கியிருந்தார். ஒரு நாட்டை முழுதாக அளந்து, கணக்கெடுத்து, எழுதி வைக்க முடியும் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறை ஸ்காட்லாந்துக்காரர்களுக்குள் ஊறியிருந்தது. அது கம்பெனி ஆட்சிக்கு வரி வசூலிக்கவும் படை நடத்தவும் உதவியது என்பதையும் மறக்கக் கூடாது.

லாம்டனிடம் இருந்த சங்கிலிக்கும் ஸ்காட்லாந்து வழியாக ஒரு கதை உண்டு. லண்டனின் பெயர்பெற்ற கருவித் தச்சர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்த நூறடி எஃகுச் சங்கிலி அது; இரண்டரை அடிக்கு ஒரு கண்ணி, மொத்தம் 40 கண்ணி. சீனப் பேரரசருக்குப் பரிசளிக்க 1793-இல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னியின் குழு எடுத்துச் சென்ற பொருள்களில் ஒன்று. பேரரசர் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. குழுவோடு போயிருந்த ஜேம்ஸ் டின்விட்டி என்ற டம்ஃப்ரீஸ் பக்கத்து விஞ்ஞானியிடம் அது தங்கியது. அவர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவரிடமிருந்து சங்கிலியும், உச்சிவானை அளக்கும் ஐந்தடி ஜெனித் செக்டரும் லாம்டன் கைக்கு வந்தன. மாஸ்கலின் மலையில் வைத்திருந்த அதே வகைக் கருவிதான் இந்த ஜெனித் செக்டர். பீகிங்குக்குப் போனவை கல்கத்தா வழியாகப் பெங்களூருக்கு வந்தன.

ஒரு நிலத்தைச் சங்கிலியால் அளப்பதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். எஃகு வெயிலில் நீளும். நூறடிச் சங்கிலி 10 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். பெங்களூரில் அக்டோபர், நவம்பரில் விடியற்காலைக்கும் மதியத்துக்கும் இடையே 10 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். ஏழரை மைலை அளக்கச் சங்கிலியை ஏறக்குறைய 390 முறை நீட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்றரை மில்லிமீட்டர் பிழை என்றால் கடைசியில் 1.4 மீட்டர் தப்பிப்போகும். அதனால் சங்கிலியைத் தரையில் போடாமல், முளை அடித்து, முளைமேல் மரத்தொட்டி வைத்து, தொட்டிக்குள் படுக்கவைத்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்துக் குறித்துக்கொண்டே போவார்கள். நிலம் சரிந்தால் சரிவுக்கு ஒரு திருத்தம், உயர்ந்தால் கடல்மட்டத்துக்கு இறக்க ஒரு திருத்தம். ஒரு பட்டை நிலத்தை இப்படி அளந்துவிட்டால் போதும். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் தொலைவில் ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். மீண்டும் சங்கிலியைத் தொட வேண்டியதில்லை, குன்றிலிருந்து குன்றுக்குத் தாவிக்கொண்டே போகலாம். குன்று இல்லாத சமவெளியில் கோயில் கோபுரம்தான் துணை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நொறுங்கியதும், லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தானே சீர்செய்ததும் தனிக் கதை.

1802-இல் லாம்டன் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே இன்னொரு அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணங்களை மேற்கே இழுத்துக்கொண்டு வந்தார். அந்த முக்கோணத் தொடர் பெங்களூரை எட்டியதும், 1804-இல் அவருடைய உதவியாளர் ஜான் வாரன் பெங்களூரு அருகே மீண்டும் ஓர் அடிக்கோட்டை நேரடியாக அளந்து சரிபார்த்தார். சென்னையிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் வேறுபாடு நான்கு அங்குலம்கூட இல்லை. நடுவே ஜவ்வாது மலைத்தொடர், பாலாற்றுப் பள்ளத்தாக்கு, காடு, காய்ச்சல் எல்லாம் இருந்தன. இதைவிட ஒரு மனிதன் மண்ணை எவ்வளவு சரியாக அளக்க முடியும்?

மண்ணை அளந்தாயிற்று, வானம்தான் தகராறு செய்தது.

பூமியின் வடிவத்தை அறிய ஒரு டிகிரி அட்சரேகைக்கு எத்தனை மைல் என்று பார்க்க வேண்டும். பூமி துருவங்களில் தட்டையாக இருப்பதால் வடக்கே போகப் போக அந்த நீளம் சிறுகச் சிறுகக் கூட வேண்டும். தெற்கே கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூரு வழியாக வடக்கே ஆந்திரம் வரை லாம்டன் இட்ட கோட்டில், பெங்களூருக்கு அருகே தொட்டகுண்டா என்ற இடம் ஒரு முக்கிய நிலையம். அங்கே ஜெனித் செக்டரை வைத்து நட்சத்திரங்களைப் பார்த்தார். காக்ஸ் டவுன் பக்கம் தொட்டகுண்டா என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 13 டிகிரிக்கு ஒட்டினாற்போல் லாம்டன் குறித்த அட்சரேகை அந்த இடத்தோடு பொருந்துகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது டிகிரிகளின் நீளம் ஒழுங்காகக் கூடவில்லை. தொட்டகுண்டாவைத் தொடும் துண்டுகள் உதைத்தன.

எண்களை ஒப்பிட்டால் லாம்டனின் தவிப்பு புரியும். நிலத்தில் அவருடைய பிழை அங்குலக் கணக்கு. வானத்தில் ஒரே ஒரு விகலை தவறினால் நிலத்தில் 31 மீட்டர் போய்விடும். கருவியில் கோளாறா? திரும்பத் திரும்பப் பார்த்தார். அருகே வேறு நிலையங்களிலும் பார்த்தார். கடைசியில், நட்சத்திரம் சரி, கருவி சரி, கண் சரி. தூக்குக்குண்டுதான் நேராகத் தொங்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். பக்கத்தில் மலை ஏதும் இல்லை. ஆகவே இழுப்பது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, நிலத்துக்கு அடியில் அடர்ந்த தாதுப் பாறை இருக்க வேண்டும் என்று எழுதினார்.

இதை நான் அறிவியலில் ஒரு துணிச்சலான நகர்வாகப் பார்க்கிறேன். 1774-இல் மாஸ்கலின், கண்ணுக்குத் தெரியும் ஒரு மலையை வைத்துத் தூக்குநூலின் சாய்வைக் கண்டார். லாம்டன் அதைத் தலைகீழாக்கினார்: சாய்வை வைத்து, கண்ணுக்குத் தெரியாத பாறையை ஊகித்தார். இன்றைக்கு எண்ணெய் தேடுகிறவர்களும் தாது தேடுகிறவர்களும் ஈர்ப்பு அளவிகளைக் கொண்டு செய்வது இதைத்தான்.

பெங்களூரு உட்கார்ந்திருப்பது தீபகற்ப நைஸ் பாறையில். லால்பாகில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை அதன் முகம்; 300 கோடி ஆண்டு வயது, தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். வார இறுதியில் குழந்தைகளோடு ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே, அதே பாறை. அதன் அடர்த்தி 2.7 அளவில் இருக்கும். ஆனால் தென்கர்நாடக நிலம் ஒரே பாறையால் ஆனதல்ல. நைஸுக்கு நடுவே பண்டைய எரிமலைக் குழம்பு இறுகி உருமாறிய கரும்பாறைப் பட்டைகள் நீளமாக ஓடுகின்றன. அவற்றின் அடர்த்தி 3-ஐ நெருங்கும். கிழக்கே கோலார் தங்கவயல் அப்படிப்பட்ட ஒரு பட்டை. கோலார் மண்ணில் தங்கம் இருப்பதைக் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்தவர் அதே ஜான் வாரன்தான், ஆண்டு 1802. அடர்த்தி இப்படி இடத்துக்கு இடம் மாறும் நிலத்தில் தூக்குக்குண்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தொங்கும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

ஷீஹாலியனிலும் இதே பாடம் காத்திருந்தது. 1774-இல் மாஸ்கலினை மலையில் போய்ப் பார்த்த இளைஞர்களில் ஜான் பிளேஃபேர் ஒருவர். பின்னாளில் எடின்பரோவில் பேராசிரியரானார். நண்பர் ஜேம்ஸ் ஹட்டனின் பாறைக் கொள்கையை உலகம் புரிந்துகொள்ளும்படி எழுதியவர் அவர்தான். 1801-இல் அவர் அந்த மலைக்குத் திரும்பிப் போனார். மலை முழுதும் ஒரே பாறை என்று வைத்துச் சார்லஸ் ஹட்டன் போட்ட கணக்கு அவருக்கு உறுத்தியது. எந்த இடத்தில் குவார்ட்சைட், எந்த இடத்தில் அபிரகப் பாறை என்று பிரித்து அளந்து, பூமியின் அடர்த்தியைத் திருத்திச் சொன்னார். அதே பிளேஃபேர் இந்திய வானியலைப் பற்றியும் எழுதியவர். 1813-இல் எடின்பரோ ரிவ்யூ இதழில் லாம்டனின் நில அளவையைப் பாராட்டி விரிவாக எழுதினார். ஐரோப்பாவில் பலர் அப்போதுதான் லாம்டன் என்ற பெயரையே கேள்விப்பட்டார்கள். ஷீஹாலியன் கூடாரத்தில் நின்ற இளைஞர், முப்பத்தொன்பது ஆண்டு கழித்துத் தென்னிந்தியாவின் தூக்குக்குண்டைப் பற்றி எழுதியது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

லாம்டன் 1823-இல் ஹிங்கன்காட்டில் வேலையின் நடுவிலேயே இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவைக் கோட்டை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். அங்கே இமயமலை தூக்குக்குண்டை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கல்கத்தா பாதிரியார் ஜான் ஹென்றி பிராட் 1855-இல் கணக்கிட்டார். கிட்டத்தட்ட 16 விகலை வர வேண்டும். வந்ததோ ஐந்தே சொச்சம். அவ்வளவு பெரிய மலை தன் அளவுக்கு இழுக்கவில்லை. ஏனென்றால் மலைக்கு அடியில், ஆழத்தில், அடர்த்தி குறைந்த பாறை வேர்போல் இறங்கியிருக்கிறது. மேலே கூடியதைக் கீழே உள்ள குறைவு ஈடுகட்டுகிறது. மலைகள் பூமியின் உட்பகுதியில் மிதந்து நிற்கின்றன என்ற கருத்து இந்த இந்தியக் கணக்கிலிருந்துதான் பிறந்தது.

இனி அந்த 86 மீட்டருக்கு வருவோம். ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது ஒரு கணித உருண்டையிலிருந்து. துருவத்தில் சற்றுத் தட்டையான, வழவழப்பான, கற்பனை உருண்டை. கடல்மட்டம் அப்படி வழவழப்பானதல்ல. தூக்குநூலுக்குச் செங்குத்தாக எந்தத் தளம் அமைகிறதோ அதுதான் அசையாத கடலின் மேற்பரப்பு. அடியில் நிறை கூடினால் நீர் அந்தப் பக்கம் குவியும், குறைந்தால் விலகும். ஜியாய்டு என்று இந்தத் தளத்துக்குப் பெயர். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது கணித உருண்டையைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது; உலகத்திலேயே மிகப்பெரிய பள்ளம். கப்பலில் போகிறவருக்கு அது தெரியாது, ஏனென்றால் அவருடைய தூக்குக்குண்டும் சேர்ந்தே சாய்கிறது. தென்னிந்தியா முழுவதும் அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. பெங்களூருக்கு வரும்போது தாழ்வு 86 மீட்டர். கடல்மட்டம் என்று நாம் வைத்துக்கொண்ட பூஜ்யமே இங்கே 86 மீட்டர் கீழே இருப்பதால்தான் 844-ம் 930-ம் ஒரே இடத்தைக் குறிக்கின்றன.

பள்ளத்தின் நடுவிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். அதற்குள் தளம் 20 மீட்டர் ஏறுகிறது. சராசரியாக நாலரை விகலைச் சாய்வு. ஷீஹாலியன் ஒரு பக்கத்துக்கு இழுத்ததும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பெரும்பாலும் கடலும் சமவெளியுமான இந்த நெடுவழியில், ஆழத்தில் இருக்கும் ஒரு குறைவு, ஸ்காட்லாந்தின் அந்த மலைக்குச் சமமாகத் தூக்குக்குண்டை வடக்கே ஒதுக்குகிறது.

அந்தக் குறைவு என்ன? 1948-இல் டச்சு ஆய்வாளர் வெனிங் மைனஸ் கப்பல்வழி ஈர்ப்பு அளவையில் பள்ளத்தைக் கண்டதிலிருந்து கேட்டுவரும் கேள்வி. இந்திய அறிவியல் கழகத்தின் புவி அறிவியல் மையத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 2023-இல் ஒரு விடை சொன்னார்கள். கடந்த 14 கோடி ஆண்டுகளில் பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகம் எப்படி நகர்ந்தது என்று கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது பண்டைய டெதிஸ் கடலின் தரை மூடகத்துக்குள் புதைந்து ஆழத்துக்கு இறங்கியது. அது ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்த சூடான பெருங்குவியலைக் கலக்கிவிட, அங்கிருந்து சூடான, அடர்த்தி குறைந்த பொருள் எழுந்து இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் வந்து சேர்ந்தது. பள்ளம் இன்றைய வடிவத்தைப் பெற்று 2 கோடி ஆண்டு ஆகிறது என்பது அவர்கள் கணக்கு. இதோடு முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆழ்மூடகத்தைப் பற்றிய விவாதம் தொடரும். ஆனால் லாம்டன் தொட்டகுண்டாவில் தொடங்கிய வேலையை அதே ஊரில், 10 கிலோமீட்டருக்குள், நம் ஆய்வாளர்கள் தொடர்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

நிறைவோடு ஒரு வருத்தமும் இருக்கிறது. சென்னையில் அடிக்கோடு தொடங்கிய ஏப்ரல் 10-ஐத் தேசிய நில அளவை நாளாகக் கொண்டாடுகிறோம். பரங்கிமலையில் லாம்டனுக்குச் சிலை இருக்கிறது. சென்னைக்கு ஒன்றரை ஆண்டு முன்பே அளந்த பெங்களூரு அடிக்கோட்டை அறிந்தவர்கள் குறைவு. 1868-இல் சர்வே துறை பெங்களூரில் மீண்டும் ஓர் அடிக்கோடு அளந்தது. அதன் ஒரு முனை மேக்ரி சர்க்கிள் அருகே, மறுமுனை ஹென்னூர்–பாகலூர் சாலையில் கண்ணூரில். அந்த முனையைக் குறித்துக் கண்ணூரில் நின்ற கல் கூண்டு 2024-இல் இடிந்து குவியலாகக் கிடந்த படங்கள் நாளிதழ்களில் வந்தன. 155 ஆண்டு நின்ற கட்டடம்.

பெங்களூரைச் சுற்றிய குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் இன்னும் சில இடங்களில், நடுவில் புள்ளியிட்ட வட்டம் பொறித்த பழைய அளவைக் கற்கள் இருக்கின்றன. வீடு கட்டும் இடத்திலோ மலையேறும் வழியிலோ அப்படி ஒன்றைப் பார்த்தால் பெயர்க்க வேண்டாம், பெயர்க்கவும் விட வேண்டாம். ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கோரமங்களாவில் இருக்கும் சர்வே ஆஃப் இந்தியா அலுவலகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள்.